வலி இல்லாத பதினான்கு மாதங்கள்

பேக்டரி பஸ்ஸில் ஏற இரண்டு படிகள். மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தையல் தொழிற்சாலையில் நான் லைன் சூப்பர்வைசர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏறி இறங்கிய படிகள் அவை. ஒரு திங்கட்கிழமை காலை முதல் படியில் காலை வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். விரல்கள் மடங்க மறுத்தன. பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"செல்வி அக்கா, ஏறுங்க லா, பஸ் போயிடும்."

நானும் சிரித்தேன். பத்து மணிக்கெல்லாம் விரல்கள் சரியாகிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை.

அதுதான் முடக்குவாதத்தின் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே எதிரியென்று நினைத்துத் தாக்கும் நோய்) தொடக்கம். காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் மூட்டுகள் இறுகிக் கிடந்தால், இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கினால், தள்ளிப் போடாதீர்கள். நான் எட்டு மாதம் தள்ளிப் போட்டேன்.

மூட்டு வலியோடு பயணம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஸ்ஸில் எங்கே உட்கார வேண்டும், எப்போது இறங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் இதில் வரும். ஆனால் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் கோத்தா திங்கியில் இருக்கும் என் கணவரின் அக்கா சரோஜா. வலியில்லாமல் பயணம் போக நான் கண்டுபிடித்த குறுக்கு வழியை அவருக்கும் காட்டினேன். என் கையாலேயே கொடுத்தேன். அது அவர் உயிரோடு எப்படி விளையாடியது என்பதைச் சொல்லாமல் தலையணையைப் பற்றியும் காலுறையைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டுப் போனால், நான் மனுஷியே இல்லை.

எட்டாவது மாதம், மணிக்கட்டு பிசைந்து வைத்த மாவு போல உப்பிய பிறகு, அரசு மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. நோய் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். மெத்தோட்ரெக்ஸேட் (எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரை; வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும்) எழுதிக் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், பொறுமையாக இருங்கள் என்றார். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

நம்மவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா என்று எங்காவது போயே ஆக வேண்டும். எங்கள் சொந்தமெல்லாம் ஜொகூர் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு, மண்டப வாசலில் நாலு பேர் பார்க்க என் கணவர் கணேசன் என்னைக் கைத்தாங்கலாக இறக்குவார். எனக்கு அழுகை அழுகையாக வரும். கோபம் அதைவிட அதிகமாக வரும். அந்தக் கோபத்தில்தான் நான் தவறினேன்.

இன்று எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நில்லுங்கள், வலி வருவதற்கு முன்பே. வந்த பிறகு இறங்குவது நனைந்த பிறகு குடை விரிப்பது போலத்தான். பஸ்ஸில் நடைபாதையோர இருக்கையைக் கேளுங்கள். அதிகம் வலிக்கிற முழங்கால் நடைபாதைப் பக்கம் இருக்கட்டும், நீட்டிக்கொள்ளலாம். கடைசி வரிசை வேண்டவே வேண்டாம், தூக்கிப் போடும். குளிர்சாதனக் காற்று மூட்டுகளுக்கு ஆகாது; காலுறை போடுங்கள், முழங்காலில் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். பையைத் தோளில் குறுக்காக மாட்டுங்கள், விரலில் தொங்கவிடாதீர்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். ஓய்விடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு கழிவறை இருக்கும், பிடித்து எழக் கம்பி இருக்கும். உள்ளே போனால் சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இவை எல்லாம் உதவும், மெதுவாக உதவும். எனக்கு அந்த மெதுவுதான் பிடிக்கவில்லை.

பஸ் நிலையத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு ஒரு மனிதர் மூட்டு வலி மருந்து விற்றுக்கொண்டிருந்தார். மூலிகை வேர்ப் பொடி அடைத்த கேப்சூல். பக்க விளைவு கிடையாது என்று புட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தது. அன்று பண்டார் தெங்காராவில் ஒரு கல்யாணம். இரண்டு கேப்சூலை விழுங்கிவிட்டு ஏறினேன். போகும்போது வழக்கமான வலி. சாயங்காலம் திரும்பும்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், பத்து பாகாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி நடந்த பிறகுதான் கவனித்தேன். நான் எதையும் பிடிக்காமல் இறங்கியிருந்தேன்.

அதற்குப் பயண மாத்திரை என்று பெயர் வைத்தேன். பயணம் போகிற நாளில் மட்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். பிறகு பயணத்துக்கு முதல் நாளும், வந்த மறுநாளும். வேலைக்குப் போவதும் ஒரு பயணம்தானே என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்பது நினைவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினேன். மருத்துவமனைத் தவணைகளுக்குப் போகவில்லை. ஒரு வருடத்தில் மலாக்கா, ஈப்போ, பினாங்கு என்று நான் சுற்றிய சுற்று வாலிப வயதில்கூடச் சுற்றியதில்லை. கணேசனுக்குச் சந்தேகம் இருந்தது. "டாக்டர் கொடுக்காத மருந்து என்ன மருந்து?" என்று கேட்டார். "நான் நடக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

முகம் உருண்டது. கன்னம் பளபளத்தது. பார்க்கிறவர்களெல்லாம், "முகத்துல ஒரு களை வந்திருக்கு செல்வி, என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்கள். பசி பசியென்று தின்றேன். கைகளில் இடிக்காமலேயே நீலத் திட்டுகள் வந்தன. நீளக்கை ரவிக்கை தைத்துக்கொண்டேன். தையல்காரிக்கு அதில் என்ன கஷ்டம்? உடம்பு எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. வலி மட்டும்தான் உடம்பின் பேச்சு என்று நினைத்திருந்த எனக்கு அது காதில் விழவில்லை.

சரோஜா அக்காவுக்கு என்னுடையதைப் போல முடக்குவாதம் இல்லை. முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் குனிந்து செம்பனை உதிரிப் பழம் பொறுக்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவருடைய ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அங்கே நாலு வயதில் ஒரு பேரன். பேரனைப் பார்க்க எல்லைப் பாலம் தாண்ட வேண்டும். இந்தக் கரையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் படி, வரிசை, மறுபடி பஸ். அந்தக் கரையிலும் அதே படி, அதே வரிசை. ஒரு நாள் நாங்கள் கோத்தா திங்கி போயிருந்தபோது சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"செக்பாயின்ட்ல பாதிப் படியிலயே உக்காந்துட்டேன் செல்வி. பின்னால அத்தனை பேரு. ஒரு மலாய்க்காரப் பையன் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டான். இனிமே போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

என் பையில் புதிய புட்டி ஒன்று இருந்தது. அதை அவர் கையில் வைத்து மூடினேன். "உங்க தம்பிக்கிட்ட சொல்லாதீங்க அக்கா, அவரு திட்டுவாரு," என்றேன். மூன்றாவது வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு படம் வந்தது. விளையாட்டுத் திடலில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அந்த ஆண்டுக் கடைசியில் அவருடைய கணவர் மாரடைப்பில் காலமானார்.

எனக்குத் தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கும் வேண்டுதல் இருந்தது. நடக்க வைத்த முருகனுக்கு நன்றிக்கடன். ஒன்பது நாள் விரதம், மச்சம் மாமிசம் கிடையாது. விரதம் தொடங்கிய அன்று தொழிற்சாலைக் கேன்டீனில் சாப்பிட்ட கையோடு புட்டியைத் திறந்தேன். பக்கத்தில் என் லைனில் வேலை பார்க்கும் மலாய்ப் பெண் ரோஹானா அதை வாங்கிப் பார்த்தாள். மருந்து வாங்கும்போது உறையில் பன்றி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம்.

"அலமாக்! கக் செல்வி, இது லெம்பு லா," என்றாள். கக் என்றால் அக்கா, லெம்பு என்றால் மாடு.

புட்டியின் பின்புறம் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: கேப்சூலின் உறை மாட்டிலிருந்து எடுத்த ஜெலட்டின். முஸ்லிம்கள் தயங்காமல் வாங்க வேண்டும் என்பதற்காகவே அதை எழுதியிருந்தார்கள். அவளுக்கு நிம்மதி தந்த அதே வரி எனக்கு அருவருப்பைத் தந்தது. பதினான்கு மாதமாக மாட்டுத் தோலையா விழுங்கிக்கொண்டிருந்தேன்?

வீட்டில் சொன்னபோது கணேசன் சிரித்தார். "உறையைப் பிரிச்சுப் போட்டுட்டு உள்ள இருக்கிற பொடியை மட்டும் தின்னலாமே."

"அதுலயே ஒட்டிக் கிடந்ததுதானே," என்றேன். புட்டியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். விரதம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் எழுந்ததும் தலை சுற்றியது. ஐந்தாம் நாள் சோறு இறங்கவில்லை. மூட்டுகள் பழைய வேகத்தில் வீங்கின. ஆறாம் நாள் லைனில் நின்றபடி எதற்கென்று தெரியாமல் அழுதேன். யாரிடம் சொன்னாலும் விரதம் என்றால் அப்படித்தான், முருகன் சோதிப்பான் என்றார்கள். நானும் அதை நம்பினேன். உடம்பு சரிந்துகொண்டிருந்தது, அதைப் பக்தி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் காலை பத்துமலை முருகன் கோயிலுக்கு எங்கள் பஸ் புறப்பட்டது. பாகோ ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். இறங்குவதற்கு எழுந்தேன். பஸ்ஸின் தரை மேலே எழும்பி வந்தது. பிறகு கேட்டதெல்லாம் கணேசனின் குரல் மட்டும்தான், அதுவும் ரொம்பத் தூரத்திலிருந்து.

அருகிலிருந்த பெரிய மருத்துவமனையில் ஊசியும் சொட்டு மருந்தும் ஏற்றிய பிறகு, மறுநாள் மருத்துவர் என் கட்டிலருகே வந்து நின்றார். இளம் மலாய்க்காரர். என் முகத்தையும், கைகளின் நீலத் திட்டுகளையும், வயிற்றில் இருந்த சிவப்புக் கோடுகளையும் பார்த்தார். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று மலாயில் கேட்டார். வேர் மருந்து என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் விளக்கியதை எளிமையாகச் சொல்கிறேன். சிறுநீரகத்தின் மேல் சின்னதாக அட்ரினல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு காய்ச்சலையும் பட்டினியையும் அதிர்ச்சியையும் தாங்குவதற்கான சுரப்பை அதுதான் தருகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு (அதே சுரப்பின் வேலையைச் செய்யும், பல மடங்கு வீரியமுள்ள மருந்து) தினமும் உள்ளே போனால், நமக்கு இனி வேலையில்லை என்று சுரப்பி தூங்கிப் போகும். திடீரென்று மருந்தை நிறுத்தினால் உள்ளேயும் சுரக்காது, வெளியிலிருந்தும் வராது. ரத்த அழுத்தம் விழும், சர்க்கரை விழும், ஆள் விழுவார். எழாமலும் போகலாம். வீட்டு அலமாரியிலிருந்த என் புட்டியை வரவழைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வேரோடு சேர்த்து ஸ்டீராய்டைக் கலந்திருந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே தூக்கிப் போடாதீர்கள். புட்டியோடு மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகத்தான் விட வேண்டும். சாப்பிடுவதும் ஆபத்து, சட்டென்று விடுவதும் ஆபத்து; அந்த மருந்தின் கொடுமையே அதுதான்.

மருத்துவர் போவதற்கு முன் ஒன்று கேட்டார்.

"இதை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?"

கட்டிலின் கால்மாட்டில் கணேசன் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். அவரை வளர்த்ததே சரோஜா அக்காதான்.

"இல்லை," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே கனமான பொய் அது. கணேசன் வெளியே போனதும் சரோஜா அக்காவுக்குப் போன் செய்தேன். துக்க வீடு என்பதால் அந்த ஆண்டு அவருக்குத் தைப்பூசமும் இல்லை, விரதமும் இல்லை. அதனால் மாத்திரை நிற்கவில்லை. தாலியை அறுத்த துக்கம்தான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் கட்டாயம் கிளினிக் போக வேண்டும் என்றேன்.

"சரி சரி, போறேன்," என்றார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, "காட்டிட்டேன், கொஞ்சம் கொஞ்சமா விடச் சொன்னாங்க, விட்டாச்சு," என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆனால் படங்கள் வந்துகொண்டே இருந்தன. சிங்கப்பூரில் பேரனோடு. பேரனின் பள்ளிக்கூட வாசலில். பறவைப் பூங்காவில். ஒவ்வொரு படத்திலும் அவர் முகம் முந்தியதைவிட உருண்டையாக இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எழுதினார்கள்: துக்கத்திலிருந்து மீண்டுவிட்டார், முகத்தில் களை வந்துவிட்டது. நான் அந்தப் படங்களை விரலால் விரித்து விரித்துக் கழுத்தையும் கையையும் பார்ப்பேன். அவர் எப்போதும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தார்.

கேட்டிருக்க வேண்டும். கணேசனிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒரு வருடம் ஓடியது. என் சுரப்பிக்காக நான் ஹைட்ரோகார்ட்டிசோன் (உடம்பில் சுரக்க வேண்டியதற்கு ஈடாகக் கொடுக்கும் சிறு மாத்திரை) சாப்பிட்டுக்கொண்டு, வலியோடு மறுபடி பழகிக்கொண்டிருந்தேன். என் பாடே எனக்குப் பெரும்பாடாக இருந்தது என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, குழுவில் ஒரு படம் வந்தது. சரோஜா அக்கா மஞ்சள் புடவையில், கழுத்தில் உத்திராட்ச மாலையோடு பூசையறையில் நிற்கிறார். தலைதிவசம் முடிந்துவிட்டது. இந்த வருடம் அவர் பால்குடம் எடுக்கிறார்.

உடனே கூப்பிட்டேன்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் செல்வி," என்றார். குரல் இழுத்து இழுத்து வந்தது. "உன் மாத்திரையையும் விட்டுட்டேன். நீதானே சொன்னே, அது மாட்டுத் தோலுன்னு."

"எப்ப விட்டீங்க?"

"அஞ்சு நாளாச்சு. ஒரே வாந்தி. விரதம் பாரு, அப்படித்தான் இருக்கும்."

ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். விரதக்காரியை ஆஸ்பத்திரித் தீட்டுக்குக் கூப்பிடுகிறாயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். கணேசனிடம், "அக்காவுக்கு உடம்பு முடியல, உடனே போகணும்," என்று மட்டும் சொன்னேன்.

மழை இரண்டு நாளாக விடவில்லை. குளுவாங் தாண்டியதும் மறுபடி போன் செய்தேன், எடுக்கவில்லை. பண்டார் தெங்காரா வரும் வரை ஏழு தடவை அடித்தேன். இரு பக்கமும் செம்பனை, நடுவில் நீர் ஓடும் சாலை, மரக்கட்டை லாரிகள் வாரியடிக்கும் சேறு. கோத்தா திங்கியில் ஆற்றோரச் சாலைகளில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். "கொஞ்சம் நிறுத்தட்டா? உன் காலு?" என்று கணேசன் கேட்டார். வேண்டாம் என்றேன். உங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குங்கள் என்று எழுதுகிற நான் அன்று எங்குமே இறங்கவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றது. கதவைத் திறந்தேன். முழங்கால்கள் திறக்கவில்லை. கணேசன் உள்ளே ஓடினார். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையாலும் ஒரு காலைத் தூக்கி வெளியே வைக்கப் பார்த்தபடி. மழைச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கேட்டது.

"அக்கா! அக்கா! கண்ணைத் தொறங்க அக்கா!"

பதில் குரல் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வாசலை எட்டுவதற்குள் எத்தனை நிமிடம் ஆனதோ தெரியாது. என் ஆயுளில் பாதி அந்த வாசலில் போயிற்று. பூசையறைத் தரையில் அவர் சுருண்டு கிடந்தார். உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது. மூச்சு இருந்தது.

மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருந்தது. அவசரப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் மருத்துவர். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். அரை மயக்கத்தில் அக்கா, "ஒண்ணுமில்ல, விரதம்," என்றார். கணேசன் உறுதியாகச் சொன்னார்: "எங்க அக்கா எந்த மருந்தும் சாப்பிடறதில்ல டாக்டர்."

ரத்த அழுத்தம் பார்த்த தாதி எண்ணைச் சொன்னார். மருத்துவர் முகம் மாறியது.

"ஸ்டீராய்டு," என்றேன். "வேர் மருந்துல கலந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல சாப்பிட்டாங்க. அஞ்சு நாளா நிறுத்தியிருக்காங்க. எனக்கும் இதேதான் ஆச்சு." இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கொடுத்தது நான்தான் டாக்டர்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி, சொட்டு மருந்து, சர்க்கரை நீர். ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. சரியான சமயத்தில் சொன்னீர்கள், விரத மயக்கம் என்று விட்டிருந்தால் சாயங்காலம் தாண்டியிருக்காது என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். பாராட்டு போலச் சொன்னார்.

கணேசன் என்னைப் பார்த்தார். காரை நகர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். காரை நகர்த்தும்படி யாரும் சொல்லவில்லை.

அது நடந்து எட்டு மாதமாகிறது. கணேசன் இப்போது பேசுகிறார். ஆனால் நான் எதை வாயில் போட்டாலும் ஒரு நொடி பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலையில் ரத்தம் எடுத்து எங்கள் இருவரின் சுரப்பியும் விழித்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். என்னுடையது பாதி விழித்திருக்கிறதாம். அக்காவுடையது இன்னும் இல்லை. ஒரு வருடம் ஆகலாம், விழிக்காமலே போகலாம் என்கிறார்கள். பையில் எப்போதும் மாத்திரையும், ஸ்டீராய்டு நோயாளி என்று எழுதிய அட்டையும் இருக்கின்றன. ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூடப் பயந்து மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அக்காவுக்கு வலி முழுதாகத் திரும்பிவிட்டது. பாலம் தாண்டிப் போவது நின்றுவிட்டது. பேரன் எப்போதாவது வருகிறான். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் வாரத்தில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"காலைக் கொடுத்ததும் நீதான், பிடுங்கினதும் நீதான்."

அதற்கப்புறம் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தவணை நாட்களில் நானும் கணேசனும்தான் போய் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறோம். பின் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். முன்பெல்லாம் தூரத்தை மைல் கணக்கில் நினைப்பேன். இப்போது என் முழங்கால் எத்தனை தடவை மடங்கி நீள வேண்டும் என்பதுதான் தூரம். ஒரு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விடுகிறது. உடம்பு என்னுடையது என்று முன்பு போல வாய் கூசாமல் சொல்ல வரவில்லை. அது வேறு ஒருவருடையது, என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள், நான் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

போன தவணைக்குப் போய்வரும் வழியில் எண்ணெய் நிலையத்தில் காரை நிறுத்தினோம். கணேசன் கடைக்குள் போனார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துக்கொண்டு, கால் நீள்வதற்காக நின்றோம். எட்டு மாதத்துக்குப் பிறகு அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"செல்வி. எங்க ஊருச் சந்தையில வித்தவன இப்பக் காணோம். உனக்குக் கொடுத்தானே ஒருத்தன், அவன் நம்பர் இருக்கா?"

காரின் கூரைக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்கிற கண். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த வலி எனக்குத் தெரியும்.

"இல்லக்கா, அப்பவே அழிச்சிட்டேன்," என்றேன்.

அழித்திருக்கவில்லை. முதல் புட்டிக்குப் பிறகு அந்த ஆளைப் போனில்தான் வரவழைப்பேன். பாகோவில் விழுந்து எழுந்த பிறகும், அக்கா தரையில் கிடந்ததைப் பார்த்த பிறகும், அந்த எண் என் போனில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அழித்தேன். அழித்துவிட்டுக் கணேசனிடம் காட்டவும் செய்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, முழங்கால் திறப்பதற்காகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெளியே பேக்டரி பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போயிற்று. அந்த எண்ணின் பத்து இலக்கங்களும் வரிசையாக மனதில் ஓடின. ஒன்றுகூட மறக்கவில்லை.